இரங்கல் விளம்பரத்தில் விடுபட்ட ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த வாரம் தங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் எங்கள் அம்மாச்சியின் இரங்கல் விளம்பரம் வெளிவந்தது. அதில் அச்சுப்பிழை ஏதும் இல்லை. மறைந்த தாத்தாவின் பெயர், அவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற விவரம், மாமாக்கள் மூவரின் பெயர்கள், அவரவர் பார்க்கும் உத்தியோகம், கடைசிப் பேரனின் படிப்பு வரை எல்லாம் சரியாகவே இருந்தன. அம்மாச்சி 37 ஆண்டுகள் உசிலம்பட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் அரசு சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவர் என்ற ஒரு வரிதான் இல்லை. எழுதிக் கொடுத்தவர்கள் நாங்களே என்பதால் பிழையும் எங்களுடையதே.

அதே வாசகத்தைத்தான் சுவரொட்டியாகவும் அடித்துப் பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டினோம். மாமாவின் கல்யாணத்தில் எடுத்த, பட்டுச்சேலை கட்டிய படம். பணியில் இருந்த காலமெல்லாம் வெள்ளைச் சேலையும் கையில் ஒரு பையுமாக அவரைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படத்திலிருந்த மூதாட்டி யாரென்றே விளங்கவில்லை. பெயரைப் பார்த்தாவது தெரிந்துகொண்டிருக்கக் கூடாதா என்றால், அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்டவர்கள் எங்கள் குடும்பத்துக்கு வெளியே ஒருவரும் கிடையாது. இந்தக் கடிதத்திலும் அதை நான் எழுதாமல் விடுவதற்குக் காரணம் அதுதான். அவர் நர்ஸம்மா.

நீர்மாலை எடுத்து, அடக்கம் முடிந்து, மூன்றாம் நாள் காலையில் ஒரு மினி பேருந்து நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். சுவரொட்டியைக் கடந்து இரண்டு நாளாகச் சந்தைக்குப் போய் வந்திருக்கிறார்கள். பால்காரர் சொல்லித்தான் விஷயம் தெரிந்ததாம். “மொகத்தக்கூடப் பாக்க விடாமப் பண்ணிட்டீகளே” என்று அவர்களில் மூத்தவர் என் அம்மாவைப் பிடித்துக்கொண்டு அழுதபோது எங்களில் யாருக்கும் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. அந்தப் பெண்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலாகவே இதை எழுதுகிறேன்.

அம்மாச்சி வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. பேருந்து போகாத ஊர்களில் அந்த ஐயாயிரம் பேரும் எத்தனை கல் தள்ளித் தள்ளிக் குடியிருந்தார்கள் என்பது அவருடைய கால்களின் கணக்கு. வீட்டில் நடக்கும் பேறுகாலமே வழக்கமாக இருந்த நாட்களில், தொப்புள்கொடியை அறுத்த இடத்தில் சாம்பலையோ சாணத்தையோ வைப்பதும், ஏழெட்டு நாளில் பச்சைக்குழந்தை பால் குடிக்க முடியாமல் தாடை இறுகி விறைத்துப் போவதும், ஜன்னி கண்டுவிட்டது என்று ஊர் சொல்வதும் சாதாரணம். மாசமாக இருந்தவர்களைத் தேடித் தேடிப் பிடித்து ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டு, கொதிக்க வைத்த கத்தரிக்கோலும் நூலுமாகப் போய் நின்ற அவரைப் போன்றவர்களின் வேலையால்தான் அந்தச் சாவு நின்றது. தாய்க்கும் சேய்க்கும் வரும் ரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதென்று 2015இல் அறிவிக்கப்பட்டபோது தொலைக்காட்சியில் அதற்குக் கிடைத்த நேரம் சில நொடிகள். அம்மாச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். பள்ளி விடுமுறைகளில் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே போவேன். அம்மை மருந்தைக் கலக்கிவிட்டால் நான்கு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்பதால், குளிர்ப்பெட்டியோடு அவர் நடக்கும் வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருக்கும். மணல்வாரியை ஆத்தா வந்திருப்பதாகக் கும்பிடும் ஊரில் அதற்கு ஊசி போடுவது லேசுப்பட்ட காரியம் அல்ல. அவர் யாருடைய சாமியையும் பழித்துப் பேசி நான் கேட்டதில்லை. “ஆத்தா வந்தப்பறம் ஊசியோட வாசப்படி மிதிக்க மாட்டேன். வர்றதுக்கு முந்தியே போட்டுக்கங்க” என்பார். சத்து மாத்திரைகளை வைக்கோல்படப்பில் வீசிவிடுவார்கள் என்று தெரிந்து, விழுங்கி முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருப்பார். எங்கள் வீட்டிலும் இதே கெடுபிடிதான்: பேத்திகள் யார் போனாலும் முதலில் கண் இமையை இழுத்துப் பார்த்து, வெளுத்திருந்தால் அன்றைக்கு முருங்கைக்கீரை தவிர வேறு எதுவும் கிடைக்காது.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக இனிப்புத் தொட்டு வைக்கும் சேனைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள், அவர் குணம் பிள்ளைக்கும் வரட்டும் என்று. பிறந்ததும் சீம்பால்தான் கொடுக்க வேண்டும், சர்க்கரைத் தண்ணீர் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவருக்கு இது பெரிய தர்மசங்கடம். கடைசியில், சேனைக்குப் பதிலாக நர்ஸம்மா பிள்ளையை ஒருதரம் மடியில் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று ஊரே ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது.

எண்பதுகளில் உசிலம்பட்டி என்றாலே வெளியூர்ப் பத்திரிகைகளுக்கு நினைவுக்கு வந்தது பெண்சிசுக் கொலைதான். அதைப் பற்றி அம்மாச்சி அதிகம் பேசியதில்லை. இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பெண் பிறந்த வீட்டுக்கு, எடை பார்க்க வேண்டும் என்ற சாக்கில், தினமும் போவாராம். விட்டத்தில் தராசைக் கட்டிப் பிள்ளையைத் தொங்கவிட்டு, எடை ஏறவில்லை, நாளைக்கும் வருகிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வருவாராம். இரண்டு வீடுகளில் தோற்றுப்போனதாக ஒரே ஒருமுறை சொன்னார். வேண்டாமென்று நினைக்கும் பெண்குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுவிடலாம் என்று 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் மதுரை மாவட்டத்துக்கும் வந்தபோது, “தொட்டிலுக்குப் போகாம வீட்டுலயே வளந்தா இன்னும் நல்லது” என்றதோடு சரி. கல்லூரியில் படிக்கும்போது, பிழைத்த பிள்ளைகள் எந்தெந்த வீட்டுக்காரர்கள் என்று விவரம் கேட்டேன். “அதுகளுக்கெல்லாம் கல்யாணம் ஆகிப் பிள்ளகுட்டியோட இருக்குதுக. இப்பப் போயி எந்த வீடுன்னு கேக்குற” என்று என்னைக் கடிந்துகொண்டார். மூன்றாம் நாள் வந்த அந்த மினி பேருந்தில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் சிலர் இருந்தார்கள். நான் கேட்கவில்லை.

என் அம்மாவுக்கு அவர்மேல் ஒரு தாங்கல் கடைசிவரை இருந்தது. அம்மாவுக்குத் தலைச்சன் பேறுகாலம், கொடி சுற்றிக்கொண்டு சிக்கலாகி, மதுரைப் பெரியாஸ்பத்திரியில் நடந்த அன்று, அம்மாச்சி வேறொரு ஊரில் வேறொருத்தி பக்கத்தில் இருந்தார். 108 ஊர்தி தமிழகத்தில் ஓடத் தொடங்கிய 2008இல்தான் அவர் ஓய்வு பெற்றார்; அதுவரை மாட்டுவண்டியோ வாடகைக் காரோ பிடித்து நள்ளிரவில் நாற்பது கிலோமீட்டர் கூடவே போனவர் அவர்தான். அம்மாவின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வரி விடுபட்டதற்கு அந்தக் கோபம் காரணம் இல்லை. எங்கள் வீட்டு ஆண்கள் உட்கார்ந்து எழுதினார்கள். ஒரு பெண்ணின் இரங்கல் விளம்பரத்தில் அவள் உத்தியோகத்துக்கு இடம் உண்டு என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. படித்துப் பார்த்த எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இரங்கல் விளம்பரங்களுக்குத் தரப்படும் படிவத்தில் கணவர் பெயர், மகன்கள் பெயர் ஆகியவற்றோடு, மறைந்தவர் பார்த்த வேலை என்று ஒரு கட்டத்தையும் சேர்க்க இயலுமா என்று பரிசீலிக்க வேண்டும். கட்டம் கண்ணில் பட்டிருந்தால் நாங்கள் நிரப்பியிருப்போம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள். புதிய சுவரொட்டியில் வெள்ளைச் சேலைப் படமும் ‘நர்ஸம்மா’ என்ற பெயரும் இருக்கும். முகம் பார்க்க முடியாமல் போனவர்கள் அன்றைக்காவது வர வேண்டும். முகவரி தேவையில்லை, உசிலம்பட்டி பேருந்து நிலையத்தில் நர்ஸம்மா வீடு என்று கேட்டால் ஆட்டோக்காரர்களே கொண்டுவந்து விடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு பேத்தி,
உசிலம்பட்டி.