பொருளடக்கத்தைக் கையால் அடிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைப்பிங், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மார்ச், ஏப்ரல் வந்தால் ஆய்வேடு சீசன்.

போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்கு எம்.ஏ. தமிழ் மாணவி ஒருவர் பென்டிரைவோடு வந்தார், மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டுமாம். நெறியாளர் சொன்னபடி இரண்டாம் இயலில் இரண்டு பக்கம் சேர்த்திருக்கிறார். ஆனால் பொருளடக்கத்தில் மூன்றாம் இயல் 47 என்றே நிற்கிறது, உள்ளே போய்ப் பார்த்தால் 49. அதற்குக் கீழே அத்தனை எண்ணும் தப்பு. தலைப்புக்கும் எண்ணுக்கும் நடுவில் இருக்கிற புள்ளிகளைக்கூட ஒவ்வொன்றாகத் தட்டி வைத்திருந்தார், பாவம். 98-ஐ 100 ஆக்கியதும் அந்த எண் அடுத்த வரிக்குத் தாவிவிட்டது.

எழுத்தைத் தடிமனாக்கி 16 சைஸ் வைத்தால் நம் கண்ணுக்குத்தான் அது தலைப்பு, வேர்டு மென்பொருளுக்கு அதுவும் சாதாரண வரிதான். இயலுக்கு ஹெடிங் 1, உட்தலைப்புக்கு ஹெடிங் 2 என்று ஸ்டைல் கொடுத்துவிட்டு, அப்புறம் ரெஃபரன்சஸ் பகுதியில் டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸைத் தட்டினால் புள்ளியும் எண்ணுமாகப் பட்டியல் தானே வந்து உட்காரும். பிறகு எத்தனை பக்கம் கூடினாலும் பட்டியலில் கர்சரை வைத்து எஃப்9 அழுத்தினால் போதும்.

தமிழுக்குத் தனித் தொல்லை உண்டு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த தலைப்பு, பட்டியலில் வேறு எழுத்துருவுக்கு மாறி ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும். தமிழ் எழுத்துக்கென்றே தனிக் குறியீடு உள்ள யூனிகோடில் அடித்தால் அந்த வம்பில்லை. ஆனால் அதிலும், ஸ்டைலில் எழுத்தளவை மாற்றும்போது காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்ற கட்டத்திலும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஆங்கிலம் மட்டும் பெரிதாகும், தமிழ் அசையாது. இது எனக்கே பிடிபட இரண்டு சீசன் ஆனது.

வகுப்பில் மேற்கோள், அடிக்குறிப்பு எல்லாம் சொல்லித் தருகிறார்கள், இதை மட்டும் கடைக்காரன் தலையில் கட்டிவிடுகிறார்கள். எனக்கு வருமானம்தான், இல்லையென்று சொல்லவில்லை. இருந்தாலும் அந்தப் பெண்ணின் ஆய்வேட்டுக்கு முதல் பக்கத்திலிருந்து ஸ்டைல் போட்டு முடிக்கப் பதினொன்றே முக்கால் ஆனது, அவருடைய அப்பா அதுவரை கடை வாசலில் பைக் மேலேயே உட்கார்ந்திருந்தார். கல்லூரிகள் இதற்கு ஒரு மணி நேர வகுப்பு வைத்தால் என்ன? அதையும் மார்ச்சில் வைக்காமல், பிள்ளைகள் முதல் இயலை அடிக்கத் தொடங்கும் முன்பே வையுங்கள்.

இப்படிக்கு,
டைப்பிங் கடைக்காரர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.