பச்சை உடம்புக்காரியைப் போனில் மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரோனா காலத்தில் கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாகப் போனதைப் பலரும் பாராட்டுகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு செவிலியர். காய்ச்சல் கணக்கெடுப்பும் அவர் தலையில் விழுந்தபோது, பிரசவித்த பெண்ணைப் பார்க்கும் வேலை பல ஊர்களில் போனுக்கு மாறியது. 2020 ஏப்ரலிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் தாய்சேய் நலத்தை அத்தியாவசியச் சேவையில் சேர்த்திருந்தும் இதுதான் நிலைமை. அடுத்த தொற்று வரும்போது இது திரும்பக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

போனில் கேட்டால் "நல்லா இருக்கா" என்றுதான் பதில் வரும். பொய் சொல்வதில்லை, எதைப் பார்ப்பதென்று அவர்களுக்குத் தெரியாது. மஞ்சள் காமாலையைப் பகல் வெளிச்சத்தில் குழந்தையின் உள்ளங்காலை விரலால் அழுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். டியூப் லைட்டில் எடுத்த வாட்ஸ்அப் படத்தில் நிறமே மாறிவிடும். மூச்சைக் குழந்தை தூங்கும்போது சட்டையை விலக்கி முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பிறந்த குழந்தை வேகமாக மூச்சு விடும், சில நொடி நிறுத்தும், மறுபடி விடும். அதனால் அரை நிமிடம் எண்ணி இரட்டித்தால் கணக்குத் தப்பும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணி, அப்போதும் குறையாவிட்டால் உடனே 108.

தாய்க்கு ரத்த அழுத்தம் பிரசவமான 3 முதல் 6 நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். அதற்குள் பலர் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கர்ப்பத்தில் அழுத்தமே இல்லாதவருக்கும் இது வரலாம். 140/90 தொட்டாலே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் வலிப்பு வர அதிக நேரம் ஆகாது. வீட்டிலோ "ராத்தூக்கம் இல்ல, அதான் தலைவலி" என்று விட்டுவிடுவார்கள். காய்ச்சலையும் அப்படித்தான், கொரோனா என்று கூட்டிப் போய்விடுவார்களோ என்ற பயத்தில் மறைத்தார்கள். ஆகவே காய்ச்சலைப் பற்றிக் கேட்குமுன் தீட்டில் கெட்ட நாற்றம் இருக்கிறதா, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைகிறதா என்று கேட்பது நல்லது.

தொற்று பரவாமல் இதைச் செய்ய முடியும். பால் குடிப்பது, சாப்பாடு, மாத்திரை, வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா என்பதையெல்லாம் காலையில் போனிலேயே கேட்டுவிடலாம். வீட்டில் பதினைந்து நிமிடம் போதும். திண்ணையோ ஜன்னல் திறந்த முன்னறையோ, தாயும் குழந்தையும் மட்டும். தாய்க்கு முகக்கவசம் வேண்டும், குழந்தைக்கு ஒருபோதும் போடக் கூடாது. கையை சோப்புப் போட்டு 40 முதல் 60 நொடி கழுவி, முதலில் குழந்தை, பிறகு தாய். எடை பார்க்க அந்த வீட்டிலேயே துவைத்த துணியைத் தொட்டிலாகக் கட்டி, அந்தத் துணியோடு தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகு குழந்தையை வைக்க வேண்டும். துணியின் எடையைக் கழிக்க மறந்தால், இளைத்த குழந்தைகூட எடை கூடியதாகத் தெரியும். தொற்று உள்ள வீட்டை அன்றைய கடைசி வீடாக வைத்துக்கொள்ளலாம். தொற்று இருந்தாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. கை கழுவி, முகக்கவசம் அணிந்து கொடுக்கலாம்.

குளிப்பாட்டும் பாட்டிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சளி எடுக்கிறேன் என்று குழந்தையின் மூக்கில் வாய் வைத்து ஊதுவதும் எண்ணெய் விடுவதும் எந்தக் காலத்திலும் வேண்டாம். ஊதும்போது பெரியவரின் கிருமி நேரே குழந்தையின் மூச்சுக்குழாய்க்குப் போகிறது. எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் நிமோனியா.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வந்துவிடுவாள். பதிவு மாமியார் ஊரில், ஆள் வேறு ஊரில். இந்த ஊர்ச் செவிலியருக்குத் தகவலே இருக்காது. இ-பாஸ் காலத்தில் இது இன்னும் சிக்கலானது. கிளம்பும் முன், கர்ப்பத்தைப் பதியும்போது அரசு தரும் பிக்மி (PICME) எண்ணோடு இரண்டு ஊர்ச் செவிலியருக்கும் சொல்லிவிட்டால் விடுபடாது.

அரசிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தொற்றுக் காலத்தில் காய்ச்சல் கணக்கெடுப்புக்கு வேறு ஆள் போடுங்கள். 3ஆம் நாளும் 7ஆம் நாளும் பார்க்கும் வேலையைப் போனுக்கு மாற்றாதீர்கள். ஒவ்வொரு செவிலியர் பையிலும் சரிபார்த்த ரத்த அழுத்தக் கருவியும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் இருக்கட்டும்.

– ஓய்வுபெற்ற பகுதி சுகாதார செவிலியர்,
தஞ்சாவூர் மாவட்டம்