நடுமுள் முழுசாக வந்தது

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து ஒன்பது மாதம் ஆகிறது. மேசை இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும், மனசு உறுத்தும், மூடிவிடுவேன். காரணம் சொல்ல ஆரம்பித்தால் தாள் அதற்கே தீர்ந்துவிடும். கோபமிருந்தால் நேரில் வந்து திட்டு. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி தேவலை. சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, நீ சொன்ன துறையில்தான். அவளே உனக்கு எழுதுவதாகச் சொன்னாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர் மீன் சாப்பிட்டார். முந்தாநாள் மத்தியானம், என் கையால் பொரித்த டிரவுட் மீன். முக்கால் மீனை ஒருவராகவே சாப்பிட்டார். அதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உனக்கு நடந்தது முழுசாகத் தெரியாது. போன வருஷம் அவர் தொண்டையில் முள் சிக்கி, ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. முள்ளை எடுத்துவிட்டார்கள், ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் கண் பார்வையும் மங்கிவிட்டதால், இனி வீட்டில் மீனே கிடையாது என்று அவர் மகள் சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அந்த ராத்திரி அவள் பட்ட பாடு அப்படி. அவரும் வாய் திறந்து கேட்கவில்லை. நம் இரண்டு பேருக்கும் முள் பார்த்துச் சாப்பிடக் கற்றுக்கொடுத்த மனுஷர் ஒரு வருஷமாக மீன் வாசனையே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். போகும்போதெல்லாம் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, மீன் எப்படி என்று மட்டும் கேட்பார். எனக்குத் தொண்டை அடைக்கும்.

சனிக்கிழமை விடியற்காலையில் மீன் பிடிக்க ஆற்றங்கரை மூன்றாம் கல்லுக்குப் போனேன். ஆமாம், அதே கல்தான், பூட்ஸ் விவகாரத்தை நினைத்துச் சிரிக்காதே. பத்து மணிக்குள் மூன்று கிடைத்தன. மூன்றும் வானவில் டிரவுட், ஒவ்வொன்றும் முந்நூற்றைம்பது கிராமுக்குக் கிட்டே. பிடித்த உடனே தலையில் ஒரே அடி, செவுளை வெட்டி ரத்தத்தை வடித்துவிட்டேன். பெரியவர் பாடத்தில் இதை மட்டும் நான் என்றைக்கும் மீறியதில்லை. கரையில் துடித்துத் துடித்துச் சாகும் மீனின் சதை கெட்டுப்போகிறது, அதன் பலம் எல்லாம் அந்தத் துடிப்பிலேயே செலவாகிவிடுகிறது. அதோடு, நாம் கொன்ற உயிரை அப்படி விடக்கூடாது என்பார். அது உனக்கும் ஞாபகமிருக்கும்.

கரையிலேயே ஆய்ந்துவிட்டேன். டிரவுட்டில் செதில் சுரண்டும் வேலையே கிடையாது, அவ்வளவு பொடிச் செதில். அடிவயிற்றுத் துளையிலிருந்து தாடைவரை ஒரு கீறல், செவுளோடு குடலைச் சேர்த்து ஒரே இழுப்பு. அப்புறம் நடுமுள்ளை ஒட்டி உள்பக்கம் ஓடும் அந்தக் கறுஞ்சிவப்புக் கோடு. ரத்தக்கட்டு என்று நாம் சொல்வோமே, உண்மையில் அது மீனின் சிறுநீரகம். கட்டை விரல் நகத்தால் வாலிலிருந்து தலைவரை வழித்து எடுத்தேன். அதை விட்டுவிட்டால்தான் கசப்பு. ஒரு மீனின் இரைப்பையை உன் வழக்கப்படி கீறிப் பார்த்தேன். மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளுமே அந்தப் புழு, கூட்டோடு ஏழெட்டு விழுங்கியிருந்தது. ஒரு கூட்டில் பளபளவென்று ஒரு மணல் துகள், சர்க்கரை மாதிரி. நீ இருந்திருந்தால் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்திருப்பாய். சதை நல்ல ரோஜா நிறம். பொடி இறால் வகைகளை நிறையத் தின்ற மீனுக்குத்தான் அந்த நிறம் ஏறும்.

அன்றைக்குச் சாயங்காலமே ஒன்றைப் பொரித்தேன். உன் வாதம்தான் என் மண்டையிலும் இருந்தது. தண்ணீரிலிருந்து நேரே வாணலிக்கு, அதற்கு மேல் ருசி ஏது? வாணலியில் போட்ட அரை நிமிடத்தில் மீன் வில்லாக வளைந்தது. தலையும் வாலும் மேலே தூக்கிக்கொண்டன, நடுவயிறு மட்டும் சட்டியில் பட்டது. கரண்டியால் அழுத்தினேன், தோல் கிழிந்தது. நடுவில் கருகியது, தலைப்பக்கம் வேகவில்லை. முள்ளை எடுக்கப் பார்த்தால் சதையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. மெல்லும்போதும் ரப்பர் மாதிரி இழுத்தது. இப்படி ஒரு மீனைப் பெரியவர் தட்டில் வைக்க முடியுமா?

ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்போதுதான் அவர் பழைய பேச்சு ஞாபகம் வந்தது. 'மீன் தூங்கட்டும்டா.' பிடித்த அன்றைக்கே சாப்பிட விடாமல் குளிரில் வைத்துப் பூட்டிவிடுவாரே. நம் பொறுமையைச் சோதிக்கிறார் என்றுதானே இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தோம்? அது சோதனை இல்லை நண்பா. மீன் செத்த சில மணி நேரத்தில் உடம்பு கட்டை மாதிரி விறைத்துப்போகும். விறைப்பு ஏறுவதற்கு முன்னாலோ, ஏறியிருக்கும்போதோ சூடு பட்டால் தசை ஒரேயடியாகச் சுருங்கும். முதுகு, வயிறு, தோல் எல்லாம் ஒவ்வொரு பக்கம் இழுக்கும், மீன் வளையும், வெடிக்கும். பனிக்கட்டிக்குள் ஒரு நாளோ இரண்டு நாளோ வைத்தால் விறைப்பு தானாக விட்டுவிடும். ருசியும் அந்த இடைவெளியில்தான் வருகிறது. தசைக்குள் சக்தியைச் சேர்த்து வைத்திருக்கும் பொருள் மெல்லச் சிதைந்து, நாக்கில் நிற்கும் ஒரு சுவையாக மாறுகிறது. ரொம்ப நாள் விட்டால் அதே சிதைவு கசப்பில் கொண்டுபோய் விடும். அதனால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று.

உனக்கும் நியாயமாகப் பேசிவிடுகிறேன். நீ சொல்வது பொருந்தும் சமையல் ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 'நீல டிரவுட்' என்று ஒன்று செய்வார்கள். அதற்கு அப்போதுதான் கொன்ற மீன் வேண்டும், மேல் தோலின் வழுவழுப்பைத் துடைக்கவே கூடாது. வினிகர் கலந்த கொதிநீரில் போட்டால் அந்த வழுவழுப்புதான் நீல நிறமாக மாறுகிறது. அங்கே மீன் வளைந்து தோல் வெடித்தால் குற்றமில்லை, புதுமீன் என்பதற்கு அதுதான் சாட்சி. ஆக, தண்ணீரில் வேகவைப்பதானால் உன் கட்சி ஜெயம். வாணலி என்றால் பெரியவர் கட்சி. இதற்கு மேல் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மீதி இரண்டையும் வயிற்றுக்குள் ஈரமில்லாமல் துடைத்து, ஒரு தட்டில் கம்பிவலை வைத்து அதன்மேல் கிடத்தி, குளிர்பெட்டியின் அடித்தட்டில் பனிக்கட்டிப் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். மூடவில்லை. பனி உருகும் தண்ணீரில் மீன் ஊறக்கூடாது, ஊறினால் சுவையெல்லாம் தண்ணீரோடு போய்விடும். மூடாமல் வைத்தால் தோல் காகிதம் மாதிரி காயும். காய்ந்த தோல்தான் சட்டியில் ஒட்டாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டாவது மீனை ஒத்திகை மாதிரி செய்து பார்த்தேன். பொரிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் உப்பு, கசிந்த நீரை மறுபடி துடைத்தேன். முதுகின் தடித்த இடத்தில் பக்கத்துக்கு மூன்று கீறல். கனமான இரும்பு வாணலியை முதலில் நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் ஊற்றி, மீனைப் போட்டதும் தீயை நடுத்தரமாக்கினேன். முதல் ஐந்து நிமிடம் கையே வைக்கவில்லை. இந்த ஐந்து நிமிடம்தான் கஷ்டம், கை பரபரக்கும். தோல் மொறுமொறுப்பானதும் அதுவே சட்டியை விட்டுவிடுகிறது, அதுவரை கிளறுகிறவனுக்குத்தான் தோல் கிழியும். திருப்பிப் போட்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் வெண்ணெய். முதலிலேயே போட்டால் அதிலிருக்கும் பால் துகள்கள் கருகிக் கசக்கும். கடைசியில் போட்டால் நுரைத்து, நுரை அடங்கி, வறுத்த பாதாம் மணம் வரும். அந்தக் கணத்தில் சட்டியைச் சாய்த்து, கரண்டியால் வெண்ணெயை அள்ளி அள்ளித் தலைப்பக்கம் ஊற்றினேன். அங்கேதான் சதை தடிமன், அங்கேதான் முதல் நாள் வேகாமல் போனது.

வெந்துவிட்டதா என்று பார்க்க முதுகுத் துடுப்பைப் பிடித்து லேசாக இழுத்துப் பார். வேர் முள்ளோடு சுத்தமாகக் கையில் வந்தால் ஆயிற்று. கண் வெளுத்து உருண்டையாகத் துருத்தும், அது இரண்டாவது அடையாளம். சதையில் வெள்ளை வெள்ளையாகப் பால் திரிந்த மாதிரி கசிந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். வயசானவருக்குக் கொடுப்பதால் நான் வெப்பமானியும் வைத்துப் பார்த்தேன். பாதுகாப்புக்குச் சொல்லும் அளவு 63 டிகிரி செல்சியஸ். நன்னீர் மீனில் நாடாப்புழு இருக்கலாம், அதனால் பாதி வேக்காட்டில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நீயும் அந்தப் பச்சை மீன் ஆசையை விட்டுவிடு, இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மூன்றாவது மீனோடு பெரியவர் வீட்டுக்குப் போனேன். மகளிடம் வாசலிலேயே சொன்னேன்: முள் முழுசாக வராவிட்டால் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, சமையலறையை விட்டுக்கொடுத்தாள். சமைத்து முடியும்வரை கதவருகில் நின்றாள்.

தட்டில் இரண்டு நிமிடம் ஆறவிட்டேன். முதுகின் நடுக்கோட்டில் கத்தி நுனியால் தலையிலிருந்து வால்வரை கீறி, மேல்பாதிச் சதையை இரண்டு பக்கமும் தள்ளினேன். அப்புறம் வாலைப் பிடித்து மெல்லத் தூக்கினேன். நண்பா, நடுமுள் சீப்பு மாதிரி எழும்பியது. பக்க முட்களோடு, தலையோடு, ஒரு துணுக்குச் சதைகூட ஒட்டாமல். பாதி வெந்த மீனில் முள் சதையைப் பிடித்துக்கொள்ளும், அதிகம் வெந்ததில் சதை உதிர்ந்து முள் உள்ளேயே சிதறும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோதான் இருக்கிறது, அந்த நிமிடம் அன்றைக்கு என் கையில் கிடைத்தது. ஆனாலும் நம்பவில்லை. தலைக்குப் பக்கத்துச் சதையில் மயிர் மாதிரி நுண்முட்கள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனியால் ஒவ்வொரு விள்ளலையும் தடவிப் பார்த்தேன். நான்கு அகப்பட்டன. அவள் மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

பெரியவர் முதலில் மீனைக் கேட்கவில்லை. முள்ளைக் கேட்டார். உள்ளங்கையில் வாங்கி, ஒரு விரலால் தலையிலிருந்து வால்வரை தடவினார். 'ஒரு பல்லும் உடையலை' என்றார். அப்புறம் ஒரு வாய் சாப்பிட்டார். மென்றுகொண்டே இருந்தார். விழுங்குகிறாரா என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விழுங்கிவிட்டு என்னைக் கேட்டார்: 'சனிக்கிழமை மீனா?'

ஆமாம் என்றேன்.

'தூங்கியிருக்கு' என்றார். எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. கன்னச் சதையை மட்டும் தனியே எடுத்து அவர் விரலில் வைத்தேன், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நகமளவுதான் இருக்கும். அதை எப்போதும் நமக்குத்தானே கொடுப்பார், ஒரு நாளாவது அவர் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறோமா?

கை கழுவும்போது உன்னைப் பற்றிக் கேட்டார். 'அவன் இன்னும் அவசரப்பட்டுத்தான் பொரிக்கிறானா?' என்றார். நான் பதில் சொல்லவில்லை, அதை நீயே வந்து சொல். அவர் மகள் மாதம் ஒரு முறை சம்மதித்திருக்கிறாள், நான் வந்து முள் எடுப்பதானால் மட்டும். எனக்கு முடியாத மாதம் யார் வருவது என்று கேட்டாள், உன் பெயரைச் சொல்லிவிட்டேன். அதனால் வீட்டில் இரண்டு மீன் வாங்கியாவது பழகிக்கொள். துடுப்பை இழுத்துப் பார்க்க மறக்காதே.

வரும்போது உன் மெல்லிய கத்தியைக் கொண்டு வா, என்னுடையது முனை மழுங்கிவிட்டது. எந்த வாரம் என்று எழுது. ஒன்பது மாதம் எடுத்துக்கொள்ளாதே, அந்த உரிமை எனக்கு மட்டும்தான்.

உன்,
மூன்றாம் கல்காரன்