மாமாவின் நம்பர்

அன்புள்ள சேகர்,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் போனில் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, உன் தங்கச்சி வீட்டுச் சர்க்கரை டப்பாவை ஒளித்து வைத்திருக்கிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிறு ரோசி அக்கா மகள் கல்யாணத்துக்குக் கே.ஜி.எஃப்., நம் கோலார் தங்கவயலுக்குப் போயிருந்தேன். மாரிக்குப்பத்தில் இறங்கியதுமே கண்ணில் தூசி. அப்படியே அந்தோணி மாமாவைப் பார்க்கப் போனேன். எண்பது தாண்டிவிட்டது, பேச்சைவிட இருமல்தான் அதிகம். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணிமூட்டையை இழுத்தார். உள்ளே அவருடைய சுரங்கத் தொப்பி. உள்வாருக்கு எண்ணெய் போட்டுப் புதுசு மாதிரி வைத்திருக்கிறார். "மைன் திறக்கிறாங்களாமே? என் வேலை நம்பரைப் பேரனுக்குக் கொடுப்பாங்களா?" என்றார். பேரன் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போய் ராத்திரி திரும்புகிறவன்.

"திறக்கத்தான் போறாங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் போச்சு.

திறக்கப்போவது சுரங்கம் இல்லை, சயனைட் மலை, அதுதான் தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் மேடு. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சரி என்றதே, அது 13 மேடுகளுக்கு, ஆயிரம் ஏக்கர் சொச்சம். சுமார் 3.3 கோடி டன் மண். டன்னுக்கு ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாது. லோடர் அள்ளும், குழாயில் சேறாகப் போகும், தொட்டியில் சயனைட் விட்டுத் தங்கத்தைக் கரைப்பார்கள். இதில் மாமாவின் நம்பருக்கு எங்கே இடம்? கீழே சுரங்கத்துக்குள் போவதென்றால், அதை 2001 பிப்ரவரி 28 அன்று மூடியாச்சு, அப்புறம் பம்பும் நின்று குழியெல்லாம் தண்ணீர். நம் பழைய வெள்ளைக்காரச் சுரங்க மேலாளர்கள், அந்தக் கேப்டன்கள், வந்த இங்கிலாந்தின் கார்ன்வாலில் சவுத் கிராஃப்டி என்று ஒரு வெள்ளீயச் சுரங்கம், 1998இல் மூடியது. 2023இல்தான் தண்ணீரை இறைக்கவே தொடங்கினார்கள், மாதக்கணக்கில் இறைத்தார்கள். அதன் ஆழம் நம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது.

இனி என் பைத்தியம். நீ சிரிப்பாய், பரவாயில்லை. டிரெயினிங்கில் அந்த இருட்டறை ஞாபகம் இருக்கிறதா? வெறும் சாம்பல் கல், புற ஊதா விளக்கைப் போட்டதும் நீலமாகப் பூத்தது, முத்தையா "பேய்"னு கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினானே! அதுதான் ஷீலைட், டங்ஸ்டன் தாது. நம் பாறையில் தங்கத்தோடு அதுவும் இருக்கிறது. மாமா துளை போட்ட டிரில் பிட்டின் நுனியே டங்ஸ்டன் கார்பைடுதான். உலகத்து டங்ஸ்டனில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2025 பிப்ரவரியில் அவர்கள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் எல்லோரும் பழைய குழிகளைத் தேடி ஓடுகிறார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் நம் அரசும் முக்கியக் கனிமங்களுக்கென்று 16,300 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவித்தது. கழிவு மேடுகளும் அதில் உண்டு.

என் பயம் இது: தங்கத்துக்காக மண்ணைக் கிளறுகிறவன் மற்றதைப் பார்க்காமல் இன்னொரு மேடாகக் கொட்டிவிடுவான். சயனைட் ஷீலைட்டைத் தொடாது, அது மண்ணோடு தங்கிவிடும். கனமான தாது, ஆட்டும் மேசையில் தண்ணீர் விட்டுப் பிரிக்கலாம். ஆனால் நம் மில்லில் மாவாக அரைபட்டதாச்சே, பாதி தண்ணீரோடு ஓடும். அதனால்தான் முதலில் மேட்டுக்கு மேடு துளைபோட்டுப் பரிசோதிக்கச் சொல்கிறேன். ஒன்றும் தேறாவிட்டால் வாயை மூடிக்கொள்கிறேன்.

அப்படியே கிடைத்தாலும் பிரிக்கிற ஆலை வேண்டும். கலிஃபோர்னியாவில் மவுண்டன் பாஸ் இருக்கிறதே, அரிய மண் தாது. 2002இல் நின்றது, மறுபடி திறந்தவர்கள் 2015இல் திவால், 2017இல் வேறு ஆள் கை வைத்தார். அப்போதும் தோண்டுவது அங்கே, பிரிப்பது சீனாவில்! 2025 ஏப்ரலில்தான் அந்தக் கப்பல் நின்றது. விலை விழுந்தால் மறுபடி மூடாமலிருக்க, காந்தம் செய்யும் அரிய மண்ணுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 110 டாலர் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே உத்தரவாதம் கொடுத்திருக்கிறது. நமக்கு 2001இல் யார் கொடுத்தார்கள்?

தூசியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிளறினால் அது நேராக மாமா வீட்டுக்குத்தான் வரும்.

நீ அடுத்த மாதம் வருகிறாய் அல்லவா, சேர்ந்து போவோம். நீயே அவரிடம் சொல்லிவிடு. உன்னை அடிக்க மாட்டார். என்னால் முடியாது. நேற்றுத் தபாலில் பேரனுடைய ஐ.டி.ஐ. சான்றிதழ் நகல் வந்திருக்கிறது. கையெழுத்து, முத்திரையோடு ஐந்து பிரதி. மேலே பென்சிலில் தன் பழைய நம்பரை எழுதியிருக்கிறார்.

உன்,
ராஜன்