முருகேசனுக்கு, முதல் தொட்டி பற்றி

அன்புள்ள முருகேசா,

கடிதமும் முடிவுகளும் வந்து சேர்ந்தன. பெரியவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததைத்தான் முதலில் படித்தேன். வாழ்த்தைச் சொல்லிவிடு. இனி உன் ஆய்வறிக்கைக்கு வருவோம். ஆலைத் தரவில் தாக்குதலைக் கண்டுபிடிப்பதில் 97 சதவீதம் சரி என்கிறாய்.

சுவாட் (SWaT) என்பது சிங்கப்பூர் எஸ்.யு.டி.டி. பல்கலைக்கழகம் தன் சோதனை நீர் ஆலையில் வேண்டுமென்றே தாக்குதல் நடத்திப் பதிவு செய்த தரவு. அதில் தாக்குதல் நடந்த நேரம் ஏறக்குறைய 12 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு எல்லா வினாடிக்கும் ‘சரி’ என்று போட்டாலே 88 வந்துவிடும். அதைவிட மோசம் நீ சேர்த்திருக்கும் ‘பாயிண்ட் அட்ஜஸ்ட்’. இருபது நிமிடத் தாக்குதலில் ஒரே ஒரு வினாடி அலாரம் அடித்தாலும் இருபது நிமிடத்தையும் பிடித்ததாகக் கணக்கெழுதுகிறது. சீட்டுக் குலுக்கிப் போட்டாலும் நல்ல மார்க் வரும். அதைத் தூக்கிவிடு. ஒவ்வொரு தாக்குதலையும் எத்தனை வினாடியில் பிடித்தாய், தாக்குதல் இல்லாத நாளில் எத்தனை பொய் அலாரம், இந்த இரண்டையும் எழுது. தொடக்கத்தில் சில மணி நேரத் தரவை வெட்டிவிடவும் மறக்காதே. ஆலை ஓட ஆரம்பித்து நிலைக்கு வரும் நேரம் அது.

நியூரல் நெட்வொர்க்கைக் கொஞ்ச நாள் ஓரமாக வை. சிங்கப்பூர் எஸ்.யு.டி.டி.யின் அந்த ஆறு கட்ட நீர் சுத்திகரிப்பு ஆலையில் முதல் தொட்டி ஒன்றே உனக்குப் போதும். உள்ளே விடுவது எம்.வி.-101 வால்வு, வெளியே எடுப்பது பி-101 பம்பு, மட்டம் சொல்வது எல்.ஐ.டி.-101. தாக்குதல்களில் ஒன்று இந்த மட்டத்தை வினாடிக்கு 1 மி.மீ. வீதம் பொய்யாக ஏற்றுகிறது. தொட்டி நிறைந்துவிட்டதாக நம்பி பி.எல்.சி. (வால்வையும் பம்பையும் இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) வால்வை மூடும், பம்பு இழுத்துக்கொண்டே இருக்கும், கடைசியில் தண்ணீர் இல்லாமல் ஓடிச் சீல் போகும்.

கணக்கைப் பார். குறுக்குப் பரப்பு 1.5 சதுர மீட்டர், ஓட்டம் மணிக்கு 2.5 கன மீட்டர் என்று வை. பம்பை நிறுத்தி வால்வை முழுக்கத் திறந்தாலும் மட்டம் வினாடிக்கு 0.46 மி.மீ.க்கு மேல் ஏற வழியில்லை. ஆக, 1 மி.மீ. என்பது அப்பட்டமான பொய். வரவும் செலவும் சமமாக ஓடும்போது ஏற்றம் பூஜ்யம், காட்டுவது 1. காட்டும் ஏற்றத்துக்கும் கணக்கு சொல்லும் ஏற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு சலுகையைக் கழித்து, மீதியைப் பூஜ்யத்துக்குக் கீழே விடாமல் வினாடிக்கு வினாடி கூட்டி, வரம்பைத் தொட்டால் அலாரம் அடிப்பதுதான் குசும் (CUSUM) முறை. சலுகை 0.2 போக வினாடிக்கு 0.8 சேரும், வரம்பு 20 என்றால் 25 வினாடியில் குசும் அலாரம் அடித்துவிடும்.

இதில் இரண்டு இடத்தில் கை சுடும். வால்வு திறக்கவோ மூடவோ சில வினாடி எடுக்கும். தரவில் அந்த நிலை 0 என்று பதிவாகியிருக்கும் (1 மூடியது, 2 திறந்தது). அந்த வினாடிகளில் கூட்டலை நிறுத்தி வை, இல்லையென்றால் பொய் அலாரம் கொட்டும். இன்னொன்று, நீர்ப்பரப்பின் அலை. வினாடிக்கு வினாடி கழித்துப் பார்த்தால் 0.2 சலுகை அதிலேயே கரைந்துவிடும்; பத்து வினாடியில் மட்டம் மாறும் சராசரி வீதத்தை எடு.

விவரம் தெரிந்தவன் சலுகைக்குள்ளேயே, வினாடிக்கு 0.15 மி.மீ. வீதம் ஏமாற்றுவான். உன் கூட்டல் கடைசி வரை பூஜ்யத்திலேயே நிற்கும். 2,000 வினாடியில், அதாவது 33 நிமிடத்தில், 300 மி.மீ. திருடிவிடுவான். ஆய்வறிக்கையில் நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான், கண்டுபிடிப்பின் துல்லியத்துக்கு எல்லாரும் போடும் எஃப்-1 ஸ்கோர் என்ற மதிப்பெண்ணை அல்ல. மாட்டிக்கொள்ளாமல் ஒருவனால் எவ்வளவு சேதம் செய்ய முடியும்? தொட்டிக்குள் வரும் ஓட்டத்தை அளக்கும் எஃப்.ஐ.டி.-101ஐயும் சேர்த்து ஏமாற்றினால் வரவு செலவு பொருந்தியே தெரியும். அதனால் அடுத்த கட்டத்தின் பி.எல்.சி.யில் இருக்கும் ஓட்ட அளவி எஃப்.ஐ.டி.-201, மூன்றாம் கட்டத் தொட்டியின் மட்டம் இரண்டோடும் ஒப்பிடு. ஒரே பி.எல்.சி.க்குள் இருக்கும் சாட்சிகள் எல்லாரும் ஒரே வீட்டுக்காரர்கள்.

மீட்சி பற்றி நீ ஒரே பத்திதான் எழுதியிருக்கிறாய். பம்பு ஸ்டார்ட்டரோடு நேரடியாக வயர் இழுத்த ஒரு மிதவை சுவிட்ச் அந்த 33 நிமிடத் திருட்டையும் நிறுத்தும். அதற்கு நெட்வொர்க்கே கிடையாது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் ஏறத்தாழ 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனபோது, தூரத்திலிருந்து வரும் கட்டளையைத் துணைமின் நிலையக் கருவிகளுக்குக் கடத்தும் கன்வர்ட்டர்களின் ஃபர்ம்வேரையே (உள்ளே பதிந்த நிரலையே) தாக்கியவர்கள் அழித்திருந்தார்கள். ஆட்கள் துணைமின் நிலையங்களுக்குப் போய்க் கையால் பிரேக்கர் போட்டதால்தான் சில மணி நேரத்தில் விளக்கு வந்தது. உன் அறிக்கையில் அலாரம் அடித்த பிறகு வால்வைக் கையால் திருப்பப் போகிறவர் யார், அவர் அங்கே போய்ச் சேர எத்தனை நிமிடம்? அதை எழுதி அடுத்த வரைவை அனுப்பு.

அன்புடன்,
சிதம்பரம்