ரிப்போர்ட் கார்டில் "சோம்பல்" என்று எழுதும் முன்

அன்புள்ள டீச்சருக்கு,

ஐந்து வயதில் மாடியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட உங்கள் மாணவன் ஐந்தாம் வகுப்புவரை நன்றாகத்தான் படித்தான், ஆறாவது வந்ததும் நோட்டு முடிப்பதில்லை, சொன்னது மறக்கிறது, சட்டென்று கோபம் வருகிறது என்கிறீர்கள். அன்று பட்ட அடிக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம்.

திட்டமிடுவது, பொறுப்பது, இரண்டு விஷயங்களை ஒருசேர மனதில் நிறுத்துவது எல்லாம் நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியின் வேலை. அது முதிர இருபது வயதைத் தாண்டும். ஐந்து வயதில் அந்த வேலையைப் பெரியவர்களே பார்த்துவிடுவார்கள். ஆறாவதில் பாடத்துக்கொரு ஆசிரியர், நாளுக்கொரு டைம்டேபிள் என்றானதும் குறை வெளியே வருகிறது. "சின்ன வயசு, மூளை தானே சரியாகிவிடும்" என்பது கடுமையான காயங்களில் பொய்த்துப்போன நம்பிக்கை.

ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியில் ஜி.சி.எஸ். எண்ணைப் பாருங்கள்: அடிபட்டபோது எவ்வளவு சுயநினைவு இருந்தது என்று கண் திறப்பது, பேச்சு, அசைவு மூன்றையும் பார்த்துப் போடும் மதிப்பெண் அது. 13 முதல் 15 லேசானது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நான்கு வாரத்தில் தேறிவிடுவார்கள். 9 முதல் 12 நடுத்தரம். 8, அதற்குக் கீழே கடுமையானது. ஐ.க்யூ. எண்ணை மட்டும் நம்பாதீர்கள்: முன்பே கற்ற சொற்கள் அழியாமல் நின்றுவிடுவதால் அது சராசரியாகவே வரக்கூடும். வேகம், கவனம், நினைவு மூன்றையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள்.

வகுப்பில் ஒரு நேரத்துக்கு ஒரே வேலை சொல்லுங்கள். கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். போர்டைப் பார்த்து எழுதுவதுதான் அவனுக்குப் பெரிய பாடு: படிக்கணும், நினைவில் நிறுத்தணும், எழுதணும், விட்ட இடத்தைத் தேடணும். ஜெராக்ஸ் கொடுத்துவிடுங்கள். 20 கணக்குக்குப் பதில் 8 போதும், அதுவும் காலையில், மதியத்துக்குமேல் களைத்துவிடுவான்.

நினைவு பாதித்த பிள்ளையை "எதையாவது யோசிச்சுச் சொல்லு" என்று தயவுசெய்து நெருக்காதீர்கள். வாய்விட்டுச் சொன்ன தப்பே பதிந்து, அடுத்த முறையும் அதுவே வரும். சரியான பதிலை நீங்களே முதலில் சொல்லுங்கள். உடனே திருப்பிக் கேளுங்கள். பிறகு ஒரு நிமிடம் விட்டு, ஐந்து நிமிடம் விட்டு, பீரியட் முடியும்போது என்று இடைவெளியை நீட்டுங்கள். தடுமாறினால் பதிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, முந்தைய இடைவெளிக்கே திரும்புங்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தலைக்காயம் தனியாக இல்லை. அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டத்தில் 1990லேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். இங்கே இந்தப் பிள்ளைகள் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருப்பது அநியாயம். அதுவரை காத்திருக்காமல், தலைமையாசிரியரிடம் பேசி வகுப்புத் தேர்வுகளிலாவது கூடுதல் நேரம் வாங்கிக் கொடுங்கள். பி.டி. சாரிடமும் சொல்லிவையுங்கள்: விளையாட்டில் மறுபடி தலையில் இடித்துக்கொண்டால் அன்றைக்கு ஆட்டம் போதும், உடனே வீட்டுக்குத் தகவல் போக வேண்டும்.