அறிவியல் சோதனைப் பெட்டியில் தலைகீழான அளவு: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா,

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். தனிமம், சேர்மம், கலவை பாடத்துக்காக உங்கள் நிறுவனத்தின் சோதனைப் பெட்டியை வாங்கினேன்.

முதல் சோதனையில் குறையில்லை. இரும்புத்தூளும் கந்தகத்தூளும் கலந்த மஞ்சள் பொடியில் காந்தத்தைக் காட்டியதும் இரும்பு மட்டும் முள்முள்ளாக ஒட்டிக்கொண்டு வந்தது. கலவையில் எது எவ்வளவு இருந்தாலும் இப்படிப் பிரிக்கலாம். ஆனால் சூடாக்கி இரும்பு சல்பைடு என்ற சேர்மத்தை உண்டாக்க அளவு முக்கியம். இரும்பின் அணு நிறை 56, கந்தகத்தின் அணு நிறை 32. இந்தச் சேர்மத்தில் ஓர் இரும்பு அணுவுக்கு ஒரு கந்தக அணு. ஆகவே 56-க்கு 32, அதாவது 7 கிராம் இரும்புக்கு 4 கிராம் கந்தகம். உங்கள் கையேட்டிலோ இரும்பு 4 கிராம், கந்தகம் 7 கிராம் என்று அச்சாகியிருக்கிறது!

4 கிராம் இரும்பு சுமார் 2.3 கிராம் கந்தகத்துடன்தான் சேரும். மீதிக் கந்தகம் உருகிக் கொதித்து, சோதனைக் குழாயின் வாயில் நீலச் சுடராக எரிந்தது. கந்தக டை ஆக்சைடின் நெடியில் பிள்ளைகள் இருமிக்கொண்டே வெளியே ஓடினார்கள். அவர்களில் ஒரு மாணவிக்கு ஆஸ்துமா உண்டு. ஜன்னல்களைத் திறந்துவைக்கும்படி ஒரு வரிகூடக் கையேட்டில் இல்லை.

வகைப்படுத்தும் அட்டைகள் அதற்கு மேல். பித்தளை சேர்மமாம். செம்பு 60 சதவீதம் இருந்தாலும் 70 சதவீதம் இருந்தாலும் அது பித்தளைதானே? சேர்மத்தில் தனிமங்கள் மாறாத விகிதத்தில் சேர்ந்திருக்கும்; விகிதம் மாறக்கூடிய உலோகக்கலவை எப்படிச் சேர்மமாகும்? ஆக்சிஜன் வாயுவையும், மூலக்கூறில் இரண்டு அணுக்கள் இருப்பதாகக் காரணம் சொல்லி, சேர்மத்தில் சேர்த்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே தனிமத்தின் அணுக்கள்; சேர்மம் என்றால் வெவ்வேறு தனிமங்கள் சேர்ந்திருக்க வேண்டும். அச்சுக்குப் போகுமுன் வேதியியல் படித்தவர் எவரும் இதைப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

தொலைபேசியில் சொன்னபோது, புதிய பெட்டி அனுப்புவதாக உங்கள் ஊழியர் கனிவாகச் சொன்னார். அதிலும் இதே கையேடுதானே இருக்கும்? எனக்குப் பெட்டி வேண்டாம். பணத்தை முழுமையாகத் திருப்பித் தாருங்கள். திருத்தம் முடியும்வரை விற்பனையை நிறுத்தி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்குச் சரியான அளவை உடனே தெரிவியுங்கள். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

ரசீது, கையேட்டுப் பக்கம், அட்டைகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை